இண்டெக்ஸ் போடும் முன் டாக்குமென்ட்டைத் திறந்து பாருங்கள்

மாங்கோடிபி தரவுத்தளம் மெதுவாக ஓடுகிறது என்று புகார் வந்ததும் கை தானாக இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) பக்கம் போகும். அதுவும் போதவில்லையென்றால் பெரிய சர்வர். இரண்டும் சில வாரங்களுக்குத் தாங்கும். பிறகு அதே புகார் திரும்பி வரும். ஸ்கீமாவை, அதாவது தரவுக்கான வடிவ விதியை, கட்டாயப்படுத்தாத தரவுத்தளங்களில் கோளாறு பெரும்பாலும் தரவின் வடிவத்திலேயே இருக்கிறது. வேகம் குறைந்து அது வெளியே தெரியும்போது தரவு மலையாகக் குவிந்திருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது டாக்குமென்ட்டின் (மாங்கோடிபியில் தரவின் ஓர் அலகு) அளவு. கலெக்‌ஷன் (டாக்குமென்ட்களின் தொகுப்பு) புள்ளிவிவரம் காட்டும் சராசரி அளவை நம்பவே கூடாது. சராசரி 3 கேபி என்று சாதுவாக இருக்கும். உள்ளே நாற்பது டாக்குமென்ட் 10 எம்பியைத் தாண்டி உட்கார்ந்திருக்கும். 4.4 பதிப்பிலிருந்து, அளவைச் சொல்லும் பிசான் சைஸ் ஆபரேட்டர் இருக்கிறது. அக்ரிகேஷனில் (தொகுப்பு வினவலில்) அதைப் போட்டு, அளவை இறங்குவரிசையில் அடுக்கி, மேலே வரும் இருபதை மட்டும் திறந்து பாருங்கள். பெரிய கலெக்‌ஷன் என்றால் இந்த வினவலைச் செகண்டரியில் (தரவின் நகலை வைத்திருக்கும் சர்வரில்) ஓட்டுவது நல்லது.

அங்கே கிடைக்கும் குற்றவாளி அநேகமாக எல்லையில்லாமல் வளரும் அரே (மதிப்புகளின் பட்டியல்). ஓர் ஆர்டர் டாக்குமென்ட்டுக்குள்ளேயே அதன் நிலைமாற்றங்களை எல்லாம் சேர்த்துக்கொண்டே போவது இதற்கு நல்ல உதாரணம். ஒரு பதிவு 300 பைட் என்று வைத்தால் டாக்குமென்ட்டுக்கான 16 எம்பி உச்சவரம்பைத் தொட ஏறக்குறைய 55,000 பதிவுகள் வேண்டும். அவ்வளவு வராது என்று வடிவமைத்தவர் நினைத்திருப்பார். வலி அதற்கு வெகு முன்பே, சுமார் 3,500 பதிவில், டாக்குமென்ட் 1 எம்பி ஆகும்போதே தொடங்கிவிடும். ஆர்டர் எண்ணும் தொகையும் மட்டும் போதும் என்று ப்ரொஜெக்‌ஷன் போட்டாலும், அந்த 1 எம்பி முழுவதும் கேஷுக்குள் (நினைவகத்துக்குள்) வந்துதான் ஆக வேண்டும். அரேயின் மேல் இண்டெக்ஸும் இருந்தால் வெவ்வேறு மதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி இண்டெக்ஸ் பதிவு.

தீர்வு எளிது. கடைசி 20 பதிவுகள் மட்டும் ஆர்டருக்குள் இருக்கட்டும்: அரேயில் சேர்க்கும் புஷ் கட்டளையில் ஈச், ஸ்லைஸ் இரண்டையும் சேர்த்து, ஸ்லைஸுக்கு -20 கொடுத்தால் பழையவை தானாக உதிர்ந்துவிடும். முழு வரலாறும் தனிக் கலெக்‌ஷனுக்குப் போகட்டும். ஆர்டர் எண், நேரம் இரண்டும் சேர்ந்த ஒரே இண்டெக்ஸ் அங்கே போதும். தனிக் கலெக்‌ஷனில் முதலில் எழுதிவிட்டு, பிறகு ஆர்டரைத் தொடுங்கள். நடுவில் ப்ராசஸ் விழுந்தாலும் வரலாறு தொலையாது.

அடுத்தது டைப் (தரவின் வகை) குழப்பம். இது சத்தமே போடாது. விலை என்ற புலம் சில டாக்குமென்ட்டில் எண்ணாகவும் சிலவற்றில் ஸ்ட்ரிங்காகவும் (எழுத்துச் சரமாக) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500-க்கு மேல் உள்ளவற்றைக் கேட்டால் "700" என்ற ஸ்ட்ரிங் வராது, ஏனென்றால் ஒப்பீடு ஒரே டைப்புக்குள்தான் நடக்கும். பிழைச்செய்தி கிடையாது, அறிக்கையில் தொகை மட்டும் குறையும். ஏறுவரிசையில் அடுக்கினால் எண்கள் எல்லாம் முடிந்த பிறகே ஸ்ட்ரிங்குகள் வரும். நல் (null, வெற்று மதிப்பு) என்று தேடினால் புலமே இல்லாதவையும் சேர்ந்து வரும் என்பது இன்னொரு பொறி. டைப் ஆபரேட்டரால் குழுவாக்கி எண்ணிப் பார்த்தால் எது எத்தனை என்று ஒரே வினவலில் தெரிந்துவிடும்.

இதைத் திருத்துவதில் வரிசை முக்கியம். முதலில் படிக்கும் நிரல் இரண்டு வடிவத்தையும் ஏற்க வேண்டும். பிறகு எழுதும் நிரல் புதிய வடிவத்துக்கு மாறட்டும். அதற்குப் பிறகே பழைய தரவை ஐடி வரிசையில் ஆயிரம் ஆயிரமாக மாற்றுங்கள். ரெப்ளிகேஷன் (நகல் சர்வர்களுக்குத் தரவு போவது) பின்தங்கினால் நிறுத்தி மூச்சு விடுங்கள். வாலிடேட்டர் (எழுதும் தரவைச் சரிபார்க்கும் விதி) கடைசியில்தான், அதுவும் எச்சரிக்கை நிலையில் சில நாள் ஓடி, லாக் சுத்தமான பிறகு பிழை நிலைக்கு. வாலிடேட்டரை முதலிலேயே ஸ்ட்ரிக்ட்டாகப் போட்டால், பழைய டாக்குமென்ட்டில் சம்பந்தமில்லாத ஒரு புலத்தைத் திருத்தப் போனாலும் அப்டேட் தோற்கும்.

கசாண்ட்ரா என்ற இன்னொரு தரவுத்தளத்தில் வேறு மாதிரி சிக்கல். டேபிளை க்யூவாக (காத்திருக்கும் வேலைகளின் வரிசையாக) பயன்படுத்தி, படித்ததும் அழித்தால், அழித்த ஒவ்வொன்றும் டூம்ஸ்டோனாக (அழிப்புக் குறியாக) இயல்பு அமைப்பில் குறைந்தது 10 நாள் கிடக்கும். ஒரு வினவல் 1,000 டூம்ஸ்டோனைத் தாண்டினால் எச்சரிக்கை, 1,00,000-ஐத் தாண்டினால் வினவலே ரத்து. அந்த வரம்பை உயர்த்துவது தெர்மாமீட்டரை உடைப்பது போல. க்யூவுக்கு வேறு கருவி இருக்கிறது.

இனி மீண்டும் மாங்கோடிபி: ஷார்டு கீ, அதாவது எந்த டாக்குமென்ட் எந்த ஷார்டுக்கு (தரவைப் பங்கிட்டு வைக்கும் சர்வர்களில் ஒன்று) போகும் என்று தீர்மானிக்கும் புலம். உருவாக்கிய நேரத்தை ஷார்டு கீ ஆக்கினால் புதிதாக வருவதெல்லாம் வரம்பின் கடைசித் துண்டை வைத்திருக்கும் ஒரே ஷார்டில் போய் விழும். இங்கே பலர் ஏமாறுவது தரவுப் பங்கீட்டைப் பார்த்து. ஷார்டுகளுக்குள் தரவைச் சமன்செய்யும் பேலன்சர் பின்னாலேயே வந்து தரவை நகர்த்திவிடுவதால் பங்கீடு அழகாகச் சமமாக இருக்கும். ஒவ்வொரு ஷார்டிலும் நொடிக்கு எத்தனை இன்சர்ட் என்று பார்த்தால்தான் ஒன்று மட்டும் மூச்சுத்திணறுவது தெரியும். ஹேஷ்டு கீ (மதிப்பைக் கலைத்துப் போடும் கீ) எழுதும் சுமையைப் பரப்பும். பதிலுக்கு நேர வரம்பு வினவல்கள் எல்லா ஷார்டையும் தட்டும். நான்கே மதிப்புள்ள நிலை போன்ற புலம் ஷார்டு கீ ஆனால் ஐந்தாவது ஷார்டு சும்மா இருக்கும். வாடிக்கையாளர் எண்ணோடு நேரத்தைச் சேர்ப்பது பல அமைப்புகளுக்குப் பொருந்தும். ஒரு வாடிக்கையாளர் பெருத்துவிட்டாலும் துண்டைப் பிரிக்க நேரம் கைகொடுக்கும்.

ஷார்டு கீயை மாற்றும் முன், அதிகம் ஓடும் பத்து வினவல்களை எக்ஸ்பிளெயினில் (வினவல் எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) ஓட்டி, எத்தனை ஒரே ஷார்டில் முடிகின்றன, எத்தனை எல்லா ஷார்டுக்கும் போகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 4.4 பதிப்பு முதல், ஏற்கெனவே இருக்கும் கீயின் பின்னால் புலம் சேர்க்கலாம். கீயையே மாற்றும் ரீஷார்டிங் 5.0-இல் வந்தது. அது கலெக்‌ஷனைப் புதிதாக நகலெடுத்துத்தான் முடிக்கும். ஆகவே டிஸ்க்கில் இன்னொரு கலெக்‌ஷனுக்கான இடம் காலியாக இருக்க வேண்டும், கடைசியில் சில நொடி எழுதுவது நிற்பதை ஆப் தாங்க வேண்டும், வினவல்கள் பழைய கீயோடு புதிய கீயையும் சேர்த்து அனுப்பும்படி முன்கூட்டியே மாறியிருக்க வேண்டும்.