அந்தக் கையால் துடுப்பு வலிக்கலாமா?

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் பெண்ணிடம் நம்மவர்கள் முதலில் சொல்வது "அந்தக் கையால ஒண்ணும் தூக்காதே" என்பதுதான். குக்கர் கூடாது, தண்ணீர் வாளி கூடாது, பேரக்குழந்தையும் கூடாது. இதை வெறும் வீட்டுப் பயம் என்று ஒதுக்கவும் முடியாது, டாக்டர்களே நெடுங்காலம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளை (லிம்ஃப் நோட்) எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் நிணநீர் வடிகிற வழி குறைந்துபோகிறது, நீர் தேங்கிக் கை வீங்கலாம், ஒரு தடவை வீங்கிவிட்டால் முழுசாக வற்றுவது கஷ்டம், அதனால் கைக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான வேலை கொடுக்காதே என்பது கணக்கு.

இந்தக் கணக்கை நம்பாத ஒருவர் கனடாவின் வான்கூவரில் இருந்தார். டான் மெக்கென்சி, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து விளையாட்டு மருத்துவர். 1996இல் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த 24 பெண்களைச் சேர்த்து, கைக்கு இதைவிட ஓயாத வேலை இருக்குமா என்று கேட்கத் தோன்றும் ஒரு விளையாட்டில் இறக்கிவிட்டார். டிராகன் படகு, பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீளமான சீனப் பந்தயப் படகு. முதலில் ஜிம்மில் உடம்பைத் தயார் செய்து, பிறகு தண்ணீருக்குக் கூட்டிப்போனார். அந்த சீசனில் அவர்களில் ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை, ஏற்கெனவே வீக்கம் இருந்தவர்களுக்கும் கூடவில்லை. 1998இல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை எழுதினார்.

24 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது. 2009இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளர், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகும் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். வீக்கம் அதனால் கூடவில்லை, வீக்கம் திடீரென்று மோசமாவதும் எடை தூக்கியவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. காரணம் ஒன்றும் மாயமில்லை. ரத்தத்துக்கு இதயம் இருக்கிறது, நிணநீருக்கு அப்படி ஒரு பம்ப் கிடையாது, அது நகர்வதற்குத் தசை சுருங்கி விரிவதும் மூச்சும் பெரிய துணை. அசைக்காமல் வைத்திருக்கும் கைக்கு அந்தத் துணை எங்கிருந்து வரும்?

என் சித்தி இந்தப் படகுக்கு வந்தது ஆராய்ச்சியைப் படித்துவிட்டு இல்லை. நோய் வந்ததையே ஊரில் சொல்லவில்லை, "சின்ன ஆபரேஷன்" என்றுதான் எல்லோருக்கும் தகவல். பிசியோதெரபி வகுப்பில் பழக்கமான ஒரு பெண்மணி இழுத்துக்கொண்டு வந்தார், சித்திக்குத் துணையாக நான் வந்தேன். "கரண்டியைத் தவிர நான் எதையும் பிடிச்சதில்லடி" என்று கார் நிறுத்தும் இடம்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

படகு ஃபால்ஸ் கிரீக் என்ற கடற்கழியில், வான்கூவர் நகரத்துக்கு நடுவிலேயே. பத்துப் பலகையில் இரண்டிரண்டு பேராக இருபது பேர், முன்னால் முரசு அடிக்க ஒருவர், பின்னால் நீளச் சுக்கானோடு நின்றுகொண்டு ஒருவர். கையால் இழுக்காதே என்பதுதான் முதல் பாடம், இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இடுப்பைத் திருப்பி முன்னால் குனிந்து துடுப்பைத் தண்ணீரில் முழுக்க இறக்கி, காலை ஊன்றி உடம்பையே பின்னுக்குக் கொண்டுவர வேண்டும், கை சும்மா ஒரு கொக்கி மாதிரி. பலசாலி ஒருவர் தனியாக வேகம் காட்டினால் படகு போகாது, தாளம்தான் கெடும். கீமோவில் சோர்ந்துபோன உடம்புக்கு இது பெரிய நியாயம் என்று நினைக்கிறேன், பலம் குறைவாக இருந்தாலும் நேரம் தவறாமல் போட்டால் அவர் படகுக்குத் தேவையான ஆள். சித்தி கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர், தாளம் பிடிபட அவருக்கு நேரமே ஆகவில்லை. தோள் பிடிபடத்தான் மாதங்கள் ஆயின, தழும்பு இழுக்கும், முதலில் சிலநாள் பாதி தூரத்திலேயே துடுப்பை மடியில் வைத்துவிடுவார், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்தக் கேட்காமல் இருப்பதுதான் அவரைத் திரும்ப வரவழைத்தது என்பது என் கட்சி. வீட்டில் நாங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டிருந்தோமே.

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு அடையாளமான இந்த ரோஸ் கலர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அலர்ஜி உண்டு. அக்டோபர் வந்தால் தயிர் டப்பாவில்கூட ரிப்பன் ஒட்டி விற்கிறார்கள். படகிலும் சட்டை, தொப்பி எல்லாம் அதே கலர்தான், ஆனால் அந்த வயதில், மழையில், இருபது பேர் மூச்சிரைக்க 500 மீட்டர் ஓட்டி வருவதைப் பார்த்தபின் கலரைப் பற்றிக் குறை சொல்ல வாய் வரவில்லை.

மெக்கென்சியின் அந்த முதல் குழுப் பெண்கள் ஆய்வு முடிந்த பிறகும் படகை விடவில்லை. இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படிக் குழுக்கள் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் உண்டு, அங்கிருக்கும் தமிழர்கள் விசாரித்துப் பார்க்கலாம். சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லோரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள், 2018இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ், 2023இல் நியூசிலாந்தின் காரபிரோ ஏரி. பந்தயம் முடிந்ததும் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இறந்துபோன தோழிகளுக்காகத் தண்ணீரில் பூப் போடுவார்கள். போன வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இந்த வருடம் இல்லை என்பது இந்தக் குழுக்களில் நடக்கத்தான் செய்கிறது. சித்தி அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

வர நினைப்பவர்களுக்கு: உங்கள் டாக்டரையும் பிசியோவையும் கேட்டுவிட்டு வாருங்கள், மெதுவாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் முக்கியம், எடுத்ததுமே வேகம் கூடாது. கையில் போடும் இறுக்கமான ஸ்லீவ் தேவையா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். வெயில் கொப்புளமோ கீறலோ வந்தால் அலட்சியம் வேண்டாம், அந்தக் கையில் தொற்று வந்தால் வீக்கமும் கூடும். லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள். துணைக்கு வருகிறவர்கள் கரையில் உட்கார்ந்து போட்டோ எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம், எங்கள் பயிற்சியில் ஆள் குறைந்தால் நம்மையும் ஏற்றிவிடுவார்கள். முன்னால் இருப்பவரின் துடுப்பைப் பார்த்தே போடுங்கள், தாளம் தப்பினால் தண்ணீர் நேராகப் பின்னால் இருப்பவர் முகத்தில் போய் விழும், பின்னால் என் சித்தி இருந்தால் திட்டு நிச்சயம்.