84 விடைத்தாள், ஆறு நாள்: முதல் செமஸ்டரை முடித்த அனுபவம்

புள்ளியியல் அறிமுகப் பாடம். தேர்வு எழுதியவர்கள் 84 பேர். இறுதித் தேர்வு முடிந்து ஆறாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் எல்லோருடைய மதிப்பெண்ணும் கணினியில் ஏறியிருக்க வேண்டும். நான் தனியாகப் பொறுப்பேற்று நடத்திய முதல் பாடம் அது. அதற்கு முன் மற்றவர்களுக்கு உதவியாக எத்தனையோ கட்டு திருத்தியிருக்கிறேன். ஆனால் பேப்பர் திருத்துவது வேறு, ஒரு பாடத்தை முழுசாக முடித்துக் கொடுப்பது வேறு. புதிதாகப் பாடம் எடுக்க வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தேர்வுக்கு ஐந்து வாரம் முன்பு, முதல் வகுப்பில் நானே கொடுத்த பாடத்திட்டத்தை எடுத்து வரி விடாமல் படித்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்னதால் செய்தேன், இல்லையென்றால் தோன்றியிருக்காது. இரண்டாம் பக்கத்தில், தாமதமாகத் தரும் அசைன்மென்டுக்கு நாளுக்குப் பத்து விழுக்காடு கழிக்கப்படும் என்று இருந்தது. நான்காம் பக்கத்தில், மூன்று நாளுக்கு மேல் தாமதமானால் வாங்கவே மாட்டேன் என்று இருந்தது. இரண்டையும் எழுதியது நான்தான். ஐந்தாம் நாள் அசைன்மென்ட் கொண்டுவரும் மாணவர் எந்தப் பக்கத்தை நம்புவார்? மாணவருக்குச் சாதகமானதையே விதியாக வைத்துக்கொண்டு, அன்றைக்கே எல்லோருக்கும் எழுத்தில் அறிவித்தேன். வாயால் சொன்னால் போதாது. அன்று வகுப்புக்கு வராதவர் இருப்பார், வந்தும் காதில் வாங்காதவர் இருப்பார்.

அதே வாரம் தேர்வில் கூடுதல் நேரம் பெற வேண்டிய மாணவர்களின் பட்டியலையும் பார்த்தேன். இரண்டு பேர், இருவருக்கும் ஒன்றரை மடங்கு நேரம். அதாவது மூன்று மணி நேரத் தேர்வு அவர்களுக்கு நாலரை மணி நேரம். அவ்வளவு நேரம் ஓர் அறையும் ஒரு கண்காணிப்பாளரும் வேண்டும். கடைசி வாரத்தில் அறை கேட்டால் கிடைக்காது. இதை மட்டும் யாரும் தள்ளிப்போட வேண்டாம், மற்ற எதையும் கடைசி நேரத்தில் ஒருவழியாகச் சமாளித்துவிடலாம்.

கடைசி வகுப்பை என்ன செய்வது என்று நிறைய யோசித்தேன். மாணவர்கள் கேட்பது ‘ரிவிஷன்’. அதாவது செமஸ்டர் முழுவதும் நடத்தியதை நான் ஒரு மணி நேரத்தில் மறுபடி சொல்ல வேண்டும், அவர்கள் தலையாட்ட வேண்டும். ஆனால் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு பகுதியை மறுபடி படித்தவர்களையும், படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் நினைவில் 56 விழுக்காடு, மறுபடி படித்தவர்கள் நினைவில் 42 விழுக்காடு. எங்கள் தேர்வுக்கும் கடைசி வகுப்புக்கும் இடையே சரியாக எட்டு நாள் இருந்தது.

ஆகவே நான் எதையும் திரும்ப நடத்தவில்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, புத்தகம் மூடிய நிலையில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னேன். மதிப்பெண் கிடையாது, பெயர் எழுத வேண்டாம். எழுதியதும் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே வேறுபடுகிறதோ அதை மட்டும் என்னிடம் கேட்கச் சொன்னேன். முதல் பத்து நிமிடம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு அறையில் வந்த சத்தம் அந்தச் செமஸ்டரில் நான் கேட்டதிலேயே நல்ல சத்தம், ‘ஏன் இப்படி வரும்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் சத்தம். தாள்களை வாங்கிப் பார்த்தபோது பாதிப் பேருக்கு மேல் நம்பிக்கை இடைவெளியை (உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று மாதிரியை வைத்துச் சொல்லும் வரம்பை) விளக்கத் தடுமாறியிருந்தார்கள். தேர்வுக்கு முன்னால் அது எனக்குத் தெரிந்தது பெரிய விஷயம். அன்று மாலையே அதற்கு மட்டும் ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்பினேன்.

மூன்றாம் அசைன்மென்டில் ஒரு சிக்கல் வந்தது. ஒருவருடைய அறிக்கை அவர் முன்பு எழுதிய இரண்டைப் போலவே இல்லை. செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவியில் போட்டுப் பார்க்கலாமே என்றார்கள் சிலர். நான் போடவில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு வந்த ஓர் ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று இத்தகைய கருவிகள் முத்திரை குத்தியிருந்தன. ஒரு மாணவரின் எதிர்காலத்தை அப்படிப்பட்ட எண் ஒன்றில் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை. அவரை அறைக்கு அழைத்து, ‘இந்தப் படத்தை ஏன் இப்படி வரைந்தீர்கள், சொல்லுங்கள்’ என்றேன். பத்து நிமிடம் தெளிவாக விளக்கினார். நூலகத்தில் எழுத்துப் பயிற்சி உதவி கிடைப்பதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டாராம், இந்தமுறை இரண்டு தடவை போய் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். சந்தேகத்தை மனசிலேயே வைத்துக்கொண்டு மதிப்பெண் குறைத்திருந்தால் எவ்வளவு பெரிய அநியாயம் செய்திருப்பேன்!

தேர்வு நாள் சிக்கலில்லாமல் போனது. இனி திருத்தும் கதை.

ஆறு கேள்வி, 84 பேர். மொத்தம் 504 விடை. ஒரு விடைக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஏறக்குறைய 17 மணி நேரம். ஒரே மூச்சில் முடியாது, முடிக்கவும் கூடாது. ஒருவருடைய தாளை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்துவிட்டு இரண்டாம் கேள்விக்குப் போனேன். முகப்புத்தாளை மடித்துப் பெயரை மறைத்தேன். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கட்டைக் கலைத்து அடுக்கினேன், எப்போதும் ஒருவரே என் களைப்பில் மாட்டக்கூடாது என்பதற்காக.

இந்தக் கவலை புதிதில்லை. 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஆங்கிலப் பாட விடைத்தாள்களைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். அதில் ஒரே ஒரு தாளுக்கு 142 ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண் 50இலிருந்து 97 வரை பரவியிருந்தது. கட்டுரை என்றால் அப்படித்தான் இருக்கும், கணக்கில் இராது என்று பேச்சு வந்ததும், மறு ஆண்டே ஜியோமெட்ரி தாளை அனுப்பினார்கள். பரவல் இன்னும் கூடியது. என்னிடமே அதைப் பார்த்தேன். இரண்டாம் கேள்வியில் 60 தாள் தாண்டியதும் முதல் பத்தை மறுபடி எடுத்து, போட்ட மதிப்பெண்ணை மறைத்துவிட்டுத் திருத்தினேன். முன்பு போட்டதைவிட நான்கு தாளில் ஒரு மதிப்பெண் குறைத்துப் போட்டிருந்தேன். களைக்கக் களைக்கக் கை இறுகியிருக்கிறது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, மறுநாள் காலை அந்தக் கேள்வியை முதலிலிருந்து பார்த்தேன்.

நான்காம் கேள்விதான் என்னை உண்மையில் சோதித்தது. 12, 15, 15, 18, 40 என்று ஐந்து எண்கள். ‘இந்தத் தரவுக்கு எந்த மைய அளவு பொருத்தம்? காரணம் கூறுக.’ மைய அளவு என்பது தரவு முழுவதையும் ஒரே எண்ணால் சுட்டும் அளவு. என் விடைக்குறிப்பில் இருந்தது இடைநிலை, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், அதாவது 15. நாற்பது என்ற ஓர் எண் கூட்டுச் சராசரியை 20க்கு இழுத்துவிடுகிறது, ஐந்தில் நான்கு எண் அதற்குக் கீழே கிடக்கிறது, ஆகவே இடைநிலைதான் பொருத்தம் என்பது நான் எதிர்பார்த்த காரணம்.

பன்னிரண்டாவது தாளில் ஒருவர் கூட்டுச் சராசரி என்று எழுதியிருந்தார். தவறு என்று போட்டுவிட்டு அடுத்த வரியைப் படித்தேன்: ‘இவை ஐந்து பேர் செய்த செலவு என்றால், மொத்தம் எவ்வளவு என்று கணிக்க 20 தான் உதவும், 15ஐ ஐந்தால் பெருக்கினால் 75 தான் வரும், உண்மையில் மொத்தம் 100.’ பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முழுக்க முழுக்கச் சரி. எதற்காக அந்த மைய அளவு என்று என் கேள்வி சொல்லவே இல்லை. கட்டைப் புரட்டிப் பார்த்தால் இன்னும் பதினேழு பேர் கூட்டுச் சராசரி பக்கம் போயிருந்தார்கள், அதில் ஒன்பது பேர் நல்ல காரணத்தோடு. விடைக்குறிப்பை மாற்றினேன்: எந்த அளவு என்பதற்கு மதிப்பெண் இல்லை, காரணத்துக்குத்தான். முடித்த தாள்களையும் திரும்ப எடுத்துத் திருத்தினேன். இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போனது. போகட்டும். பிழை கேள்வியில் இருக்கும்போது அதற்கான விலையை மாணவர் கொடுக்கக் கூடாது.

ஐந்தாம் நாள் மதிப்பெண் ஏற்றும் வேலை. நாங்கள் பயன்படுத்தியது மூடுல் என்ற இணையவழிக் கற்றல் மென்பொருள். மூன்று அசைன்மென்டுக்கு 30, இடைத்தேர்வுக்கு 30, இறுதித் தேர்வுக்கு 40. எல்லாம் ஏற்றி மொத்தத்தைப் பார்த்தபோது ஒரு வரிசை உறுத்தியது. மூன்றாம் அசைன்மென்டைத் தராத ஒருவருக்கு மொத்தம் 70. அதே இடைத்தேர்வு மதிப்பெண், அதே இறுதித் தேர்வு மதிப்பெண் வாங்கி, மூன்றையும் கொடுத்த இன்னொருவருக்கு 67. கொடுத்தவருக்குக் குறைவு, கொடுக்காதவருக்கு அதிகம்!

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். முதலாமவர் வாங்கியது 8, 8, அப்புறம் காலிக் கட்டம். இரண்டாமவர் வாங்கியது 8, 8, 5. இருவருக்கும் இடைத்தேர்வில் 19, இறுதித் தேர்வில் 27. இரண்டாமவருக்கு 21, 19, 27 கூட்டினால் 67, சரிதான். முதலாமவருக்கு 16, 19, 27 கூட்டினால் 62 தானே வர வேண்டும்? மூடுலில் காலிக் கட்டம் பூஜ்யமாகக் கணக்கிடப்படுவதில்லை. வழக்கமான அமைப்பில், காலியாக இருப்பதைக் கணக்கிலிருந்தே விலக்கிவிடும். செமஸ்டர் நடுவில் அது நல்லதுதான், இன்னும் திருத்தாத வேலைக்காக யாரையும் பயமுறுத்தாது. ஆனால் செமஸ்டர் முடிவில், தராத அசைன்மென்டை விட்டுவிட்டு மீதி இரண்டை வைத்து 80 விழுக்காடு என்று எடுத்து, முப்பதுக்கு 24 போட்டுவிட்டது. பட்டியலில் அப்படிப் பதினொரு காலிக் கட்டம் இருந்தது. ஒவ்வொன்றையும் திறந்து, உண்மையில் தராததா, தந்தும் நான் ஏற்ற மறந்ததா, மருத்துவக் காரணத்துக்காக விலக்கு அளித்ததா என்று பார்த்தேன். ஒன்பது தராதது, அவற்றுக்குப் பூஜ்யம் போட்டேன். ஒன்று விலக்கு. ஒன்று நான் ஏற்ற மறந்தது, ஒன்பது மதிப்பெண் வாங்கிய நல்ல அறிக்கை! அதற்குப் பிறகு, கூட்டல் சரியா என்று பார்க்க ஐந்து பேரைக் குலுக்கலாக எடுத்துக் கையால் போட்டுப் பார்க்காமல் நான் எந்தப் பட்டியலையும் அனுப்புவதில்லை.

தாய் மருத்துவமனையில் இருந்ததால் தேர்வு எழுத முடியாத ஒரு மாணவிக்கு, பாடம் ‘நிறைவுறாதது’ என்று பதிந்தோம். வாய்ப்பேச்சோடு விடாமல், என்ன பாக்கி, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன ஆகும் என்று மூன்று வரி எழுதி அவருக்கும் துறைத் தலைவருக்கும் அனுப்பினேன். கவலையில் இருப்பவருக்கு, திரும்ப எடுத்துப் பார்க்க எழுத்தில் ஒன்று இருப்பது ஆறுதல்.

மதிப்பெண் வெளியான அன்று இரவே ஒன்பது மின்னஞ்சல் வந்தது. எதற்கும் உடனே பதில் போடவில்லை. மறுநாள் ஒவ்வொருவருடைய தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வியில் எந்தப் படி விடுபட்டது என்று குறிப்பிட்டு எழுதினேன். இரண்டு பேர் சொன்னது சரி, கூட்டல் பிழை. திருத்தி, மன்னிப்பும் கேட்டேன். ‘இன்னும் ரெண்டு மார்க் இருந்தா அடுத்த கிரேடு சார்’ என்று எழுதியவருக்கு, அவருக்கு மட்டும் போட்டால் கேட்காமல் இருக்கும் மற்றவருக்கு அநியாயம் என்று கனிவாகவே பதில் எழுதினேன். இது மனசுக்குக் கஷ்டமான வேலை.

மாணவர் கருத்துப் படிவத்துக்கு வகுப்பிலேயே பதினைந்து நிமிடம் ஒதுக்கி நான் வெளியே போய் நின்றிருந்தேன். வீட்டில் நிரப்புங்கள் என்று விட்டால் மிகவும் பிடித்தவர்களும் மிகவும் வெறுத்தவர்களும்தான் நிரப்புவார்கள். முடிவுகள் மதிப்பெண்ணுக்குப் பிறகே எங்களுக்குத் திறக்கும், அது நல்ல ஏற்பாடு. மாணவர்கள் எனக்குப் போட்ட சராசரி எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த எண்ணுக்கும் மாணவர் எவ்வளவு கற்றார் என்பதற்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை என்று 2017இல் உட்ல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார்கள். வார்த்தைகளைத்தான் இரண்டு நாள் வைத்துப் படித்தேன். மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: பலகையில் எழுதிக்கொண்டே பேசும்போது பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மாற்றிக்கொள்ளக்கூடியது, மாற்றிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து மறுநாள், நினைவு ஆறுவதற்குள், ‘அடுத்த முறைக்கு’ என்று ஒரு கோப்பு தொடங்கி அரை மணி நேரம் எழுதினேன். ஏழாம் வாரம் வேகம் அதிகம். மூன்றாம் அசைன்மென்டை ஒரு வாரம் முன்னால் தள்ளு. தாமத விதி ஒரே இடத்தில் இருக்கட்டும். கூடுதல் நேர அறையை எட்டாம் வாரமே கேள். கடைசியாக, நான்காம் கேள்வி. அதை அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினேன்: ‘12, 15, 15, 18, 40 ஆகியவை ஐந்து பேரின் செலவு. அ) இவர்களில் வழக்கமாக ஒருவர் எவ்வளவு செலவிடுகிறார் என்று சொல்ல எந்த மைய அளவு பொருத்தம்? ஆ) மொத்தச் செலவைக் கணிக்க எந்த மைய அளவு பொருத்தம்? இரண்டுக்கும் காரணம் கூறுக.’