இரண்டாவது ஓனர்

வண்டி என் பேருக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது. வாங்கும்போது அதற்கு ஐந்து வயது, ஓடியிருந்தது 62,000 கிலோமீட்டர். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. மூக்கில் பெரிய லோகோ, 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, கூரை முழுக்கக் கண்ணாடி. இந்த அளவில் வரும் சொகுசு எஸ்யூவிகள் பலவும் இப்படித்தான் இருக்கும். 'யானையைக் கட்டித் தீனி போட முடியுமா' என்று அப்போது கேட்காத ஆள் இல்லை. மச்சான் மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

தீனிகூடச் சமாளித்துவிட்டேன். என்னைப் படுத்தியது தண்ணீர்.

வாங்கிய வருடம் மழை தொடங்கியதும், காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். ஏசி போட்டால் போய்விடும் என்பதால் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஒரு வாடை வந்தது, காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசனை டப்பா ஒன்று வாங்கி ஏசி வாயில் மாட்டினேன். இரண்டு வாரம் கழித்து, சீட்டுக்கு அடியில் உருண்டு போன பேனாவை எடுக்கக் கையை விட்டபோதுதான் விரல் நனைந்தது. கார்பெட் மேலே பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. அழுத்தினால் அடியில் இருந்த பஞ்சு தண்ணீரைக் கக்கியது.

முதலில் காட்டிய இடத்தில், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் கசிகிறது, டாஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கூலன்ட் என்றால் விரலில் வழுவழுக்கும், லேசாக இனிப்பு வாடை அடிக்கும், பானெட்டைத் திறந்தால் டப்பாவில் அளவு இறங்கியிருக்கும். இது மூன்றுமே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து ஒரு தனி மெக்கானிக். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசிக் கோளாறு சொல்லும் ஸ்கேனரை அவர் கையிலேயே எடுக்கவில்லை. சன்ரூஃபைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஏணியில் ஏறி, வலது மூலையில் பாதியை ஊற்றினார். சில நொடிகளில் வண்டிக்கு அடியில் சொட்டியது. மீதியை இடது மூலையில் ஊற்றினார். அது அங்கேயே குளம் மாதிரி நின்றது.

"சன்ரூஃப் வழியா தண்ணி வராதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க சார். வரும். ரப்பர் முழுசா தடுக்காது. வந்த தண்ணி வெளிய போகத்தான் நாலு மூலையிலயும் குழாய் வெச்சிருக்கான். உங்களுக்கு ஒண்ணு அடைச்சுக்கிச்சு."

அடைத்துக்கொண்டதால் தண்ணீர் சன்ரூஃபைச் சுற்றியிருக்கும் தட்டில் நிறைந்து வழிந்து, கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணின் உள்பக்கமாகவே கால் வைக்கும் இடத்துக்கு இறங்கியிருக்கிறது. காற்றடித்துத் தள்ளலாமே என்றேன். "குழாய் ஜாயின்ட்ல இருந்து கழண்டுக்கும், அப்புறம் கூரையையே இறக்கணும்" என்று சொல்லிவிட்டு, புல்வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் நரம்பை மெதுவாக உள்ளே விட்டுத் திருகினார். கறுப்பாக, இலைத் தூளும் மண்ணும் குழைந்த சேறு வந்தது. அவ்வளவுதான் நோய். ஆனால் சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி நிறுத்திக் காய வைக்க மூன்று நாள் ஆனது. இந்த வகை வண்டிகள் சிலவற்றில் எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று அந்தக் கார்பெட்டுக்கு அடியிலேயே இருக்கும். அது நனைந்திருந்தால் இந்தப் பதிவின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நான் இந்த வண்டியை எடுத்ததே பில் ஃபைலைப் பார்த்துத்தான். இதைவிடக் குறைவாக ஓடிய, பளபளவென்று இருந்த இன்னொன்றை விட்டுவிட்டு இதை எடுத்தேன். முதல் ஓனர் வருடம் தவறாமல் ஆயில் மாற்றியிருந்தார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலும். அத்தனை பில்லிலும் சன்ரூஃப் குழாய் பற்றி ஒரு வரி இல்லை. டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாத குறையை யாரும் பில்லில் எழுத மாட்டார்கள் போல.

மற்றவை எல்லாம் பணத்தோடு முடிகிற விஷயங்கள். ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃபிளாட் டயர்தான். காற்று மொத்தமாக இறங்கினாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓட்டிப் போகலாம் என்பது அதன் கணக்கு. அந்த வசதிக்காக டயரின் பக்கச் சுவரைக் கெட்டியாகச் செய்திருக்கிறார்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் நம் முதுகுக்குத் தெரியும். ஒரு டயரின் பக்கவாட்டில் கம்பி கிழித்தபோது ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் தேய்மானம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், நான்கையும் மாற்றினேன். பேட்டரி மாற்றினால் புதுசு போட்டிருக்கிறது என்று வண்டிக்கு ஸ்கேனர் வைத்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கிழவனுக்குச் சார்ஜ் ஏற்றுவதுபோலவே இதற்கும் ஏற்றும். செகண்ட் ஹேண்டில் வண்டியின் விலைதான் பாதி. ஹெட்லைட்டுக்கு நாம் இரண்டாவது ஓனர் என்பது தெரியாது.

சரி, அப்புறம் ஏன் விற்கவில்லை?

அம்மாவுக்கு முழங்கால் வலி. பழைய காரில் ஏறும்போது குனிந்து, கதவைப் பிடித்து, "முருகா" என்று உட்காருவார். பெரிய எஸ்யூவி என்றால் ஏணி கேட்பார். இதில் சீட் சரியாக இடுப்பு உயரம். திரும்பி நின்று உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார். நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது, பின்சீட்டில் அவர் முணுமுணுக்கும் பாட்டு முன்னால் எனக்குக் கேட்கிறது. பின்சீட்டில் கால் நீட்ட இடம் போதாது என்று என் மகன் புலம்புவான். அவன் உயரம் அப்படி, வண்டியைக் குறை சொல்ல முடியாது.

மழை வருவதற்கு முன் இப்போது நானே ஏணி போட்டு டம்ளரோடு ஏறிவிடுகிறேன். நேற்று ஊற்றிப் பார்த்தேன். வலது பக்கம் உடனே சொட்டியது. இடது பக்கம் கொஞ்சம் யோசித்துத்தான் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை நைலான் நரம்பைத் தேடி எடுக்க வேண்டும்.