நடுகல் பிடிஎஃப்களை ஜோடெரோவுக்குள் கொண்டுவந்த கதை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களைப் பற்றிப் பகுதி நேரமாக ஆய்வு செய்கிறேன். பள்ளிக்கூட வேலை தருமபுரியில், கைடு இருப்பது சேலத்தில். அதனால் வீட்டில் ஒரு லேப்டாப், துறையில் ஒரு டெஸ்க்டாப், பஸ்ஸில் போன் என்று மூன்று இடத்தில் படிப்பு நடக்கிறது. ஒரே கட்டுரை பென் டிரைவில் ஒரு பெயரிலும் மெயிலில் ஒரு பெயரிலும் வாட்ஸப்பில் வெறும் எண்ணாகவும் கிடந்தது. "ஏம்மா, அந்த இருளப்பட்டிக் கட்டுரை மூணு தடவை வந்திருக்கு, எதுலம்மா நீ கோடு போட்டு வச்சிருக்க?" என்று கைடு கேட்ட பிறகுதான் ஒரு சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

எதை எடுப்பது என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. எண்ட்நோட்டுக்குக் காசு கட்ட வேண்டும். மெண்டலி 2 ஜிபி இடத்தை இலவசமாகத் தருகிறது, ஆனால் அதன் போன் செயலியை 2021-லேயே எடுத்துவிட்டார்கள், பழைய டெஸ்க்டாப் பதிப்பையும் 2022 செப்டம்பரிலிருந்து புதிதாக இறக்க முடியாது. பாதிப் படிப்பு பஸ்ஸில் நடக்கும் எனக்கு அது சரிப்படாது. ஜோடெரோ, நூல், கட்டுரை விவரங்களையும் பிடிஎஃப்களையும் சேர்த்து அடுக்கி வைக்க 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். போனிலும் ஓடுகிறது. அதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஜோடெரோவில் சிங்க், அதாவது எல்லாக் கருவிகளிலும் ஒரே நூலகம் இருக்கச் செய்வது, இரண்டு தனித்தனி வேலை. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, குறிப்பு, டேக் எல்லாம் ஒரு பக்கம். இதற்கு அளவே கிடையாது, எவ்வளவு இருந்தாலும் இலவசம். பிடிஎஃப் கோப்புகள் இன்னொரு பக்கம். இதற்குத்தான் 300 எம்பி வரம்பு. ஆங்கில ஜர்னல் கட்டுரைகளை மட்டும் வைத்திருப்பவருக்கு 300 எம்பி நெடுநாள் தாங்கும். எங்களைப் போல ஸ்கேன் புத்தகங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நாலைந்து கல்வெட்டுத் தொகுதி போட்டாலே நிரம்பிவிடும். காசு கட்டினால் ஆண்டுக்கு 20 டாலருக்கு 2 ஜிபி, 60 டாலருக்கு 6 ஜிபி.

நான் போனது வெப்டாவ் வழி. ஜோடெரோ கணக்கில் விவரங்களை மட்டும் சிங்க் ஆக விட்டு, பிடிஎஃப்களை வேறொரு சேமிப்பிடத்துக்கு அனுப்பும் வசதி இது. கூகுள் டிரைவ் வெப்டாவைத் தராது, அதனால் அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கூஃபர் என்ற சேவை 10 ஜிபி இலவசமாகத் தருகிறது, வெப்டாவும் உண்டு. அமைப்புகளில் சிங்க் பகுதிக்குப் போய், கோப்பு சிங்க் என்ற இடத்தில் வெப்டாவைத் தேர்ந்து, முகவரியைக் கொடுக்க வேண்டும். கூஃபரில் வழக்கமான பாஸ்வேர்டு இங்கே செல்லாது. செயலிகளுக்கென்று தனி பாஸ்வேர்டு ஒன்றை அதன் தளத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். பல பேர் இந்த இடத்தில்தான் 'வேலை செய்யவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள்.

சிங்க் ஆன பிறகு கூஃபருக்குள் போய்ப் பார்த்தால் பயமாக இருக்கும். 'செங்கம் நடுகல்' என்றெல்லாம் பெயர் இருக்காது. எட்டு எழுத்து எண் கலந்த ஒரு குறியீடு, அதில் ஒரு ஜிப், கூடவே ஒரு சின்னக் கோப்பு, இப்படி ஜோடி ஜோடியாக நிற்கும். அது ஜோடெரோ மட்டும் படிக்க வேண்டிய இடம். நாம் கை வைத்து அடுக்கக் கூடாது.

துறையில் எனக்கு ஜூனியரான ஓசூர்த் தம்பி வேறு வழியில் போனான். வெப்டாவ் எல்லாம் எதற்கு என்று ஜோடெரோ டேட்டா ஃபோல்டரையே ஒரு கிளவுட் ஃபோல்டருக்குள் நகர்த்திவிட்டான். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு நாள் போன். "அக்கா, திறந்தா டேட்டாபேஸ் கெட்டுப்போச்சுன்னு சொல்லுது." காரணம் நேரானது. அந்த ஃபோல்டரில் இருப்பது வெறும் பிடிஎஃப் இல்லை, ஜோடெரோ ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஒன்றும் இருக்கிறது. அது எழுதும்போதே கிளவுட் செயலி அதைப் பாதியில் தூக்கி மேலே அனுப்பினாலோ, இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திறந்திருந்தாலோ சிதைந்துவிடும். ஜோடெரோவின் உதவிப் பக்கங்களிலும் இதைச் செய்யாதே என்றுதான் எழுதியிருக்கிறது. நல்லவேளை, அவனும் விவரங்களை ஜோடெரோ கணக்கில் சிங்க் செய்து வைத்திருந்தான். புது ஃபோல்டரில் தொடங்கி கணக்கில் நுழைந்ததும் எல்லாம் திரும்ப இறங்கிவிட்டன. பிடிஎஃப்கள் பழைய ஸ்டோரேஜ் ஃபோல்டரில் பத்திரமாகவே இருந்தன. டேட்டா ஃபோல்டரில் டேட்டாபேஸின் பழைய நகலையும் ஜோடெரோ தானாகவே எடுத்து வைத்திருக்கும், அவசரத்துக்கு உதவும்.

இன்னொரு வழியும் உண்டு. பிடிஎஃப்களை மட்டும் கிளவுடில் வைத்து, ஜோடெரோவில் அவற்றுக்கு இணைப்பு மட்டும் கொடுப்பது. இதில் ஆபத்து இல்லை, ஆனால் அப்படி இணைத்தவை போன் செயலியில் திறக்காது. நான் அதனால்தான் ஒதுக்கினேன்.

போனில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிங்க் ஆனதும் கோப்புகள் எல்லாம் தானாக இறங்கிவிடாது, திறக்கும்போதுதான் ஒவ்வொன்றாக இறங்கும். நெட் பேக்கில் ஓட்டுபவர்களுக்கு அது நல்லதுதான். நான் கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் அன்று படிக்க வேண்டியதைத் திறந்து வைத்துக்கொள்வேன், தொப்பூர் கணவாயில் சிக்னல் போனாலும் படிப்பு நிற்காது. ஜோடெரோவின் உள்ளேயே கோடு போட்டால் அது பிடிஎஃபுக்குள் பதிவாவதில்லை, டேட்டாபேஸில் பதிவாகிறது. அதனால் 90 எம்பி புத்தகத்தில் ஒரு வரிக்கு மஞ்சள் அடித்ததற்காக மொத்தப் புத்தகமும் மறுபடி மேலே போவதில்லை. ஆனால் அதே கோப்பை வேறு ரீடரில் திறந்தால் அந்த மஞ்சள் தெரியாது. கைடுக்கு அனுப்பும்போது குறிப்புகளோடு தனியாக ஏற்றுமதி செய்துதான் அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் சில மாலைகளில் முடிந்துவிட்டது. உண்மையான உழைப்பு விவரங்களைத் திருத்துவதில். ஆங்கிலக் கட்டுரையை உள்ளே இழுத்துப் போட்டால் டிஓஐயை (கட்டுரைக்கென்று தரும் தனி அடையாள எண்) பிடித்துத் தலைப்பு, ஜர்னல், பக்கம் எல்லாம் தானே வந்துவிடும். தமிழ்ப் பழைய வெளியீட்டுக்கு டிஓஐ ஏது, ஐஎஸ்பிஎன் ஏது? ஸ்கேன் என்பதால் படிக்க எழுத்தும் இல்லை. கையால்தான் அடிக்க வேண்டும். பெயரில் கவனம் வேண்டும். இரா. நாகசாமி என்றால் 'நாகசாமி' ஒரு கட்டத்தில், 'இரா.' அடுத்த கட்டத்தில். இதை மாற்றிப் போட்டால் துணைநூற்பட்டியலில் அத்தனை பேரும் இனிஷியல் வரிசையில் போய் உட்காருவார்கள். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டலும் தமிழில் ஒன்றுமாக ஒரே ஆள் இரண்டு ஆளாக நிற்பதும் சகஜம்.

ஸ்கேன் இல்லாத தமிழ்ப் பிடிஎஃபிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பல கருத்தரங்கக் கட்டுரைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. 'நடுகல்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அந்தச் சொல்லின் கடைசியில் இருக்கும் 'ல்' உள்ளே ஒரு ஒய்யும் ஒரு அரைப்புள்ளியுமாக இருக்கிறது. அப்படிப்பட்டவற்றில் முக்கியமான பத்திகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக் குறிப்பாக ஒட்டி வைத்தேன். அதன்பின் தேடலில் வருகிறது. பெரிய புத்தகங்களுக்கு இன்னொன்று: ஜோடெரோ ஒரு கோப்பின் முதல் 100 பக்கத்தைத்தான் தேடலுக்கு எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம்.

சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்கும் ஆய்வேடுகள் தனி ரகம். தலைப்புப் பக்கம் ஒரு கோப்பு, சான்றிதழ் ஒரு கோப்பு, ஒவ்வொரு இயலும் ஒரு கோப்பு என்று எண் போட்டு வரும். அத்தனையையும் அப்படியே உள்ளே போட்டால் ஒரு ஆய்வேடு பதினைந்து நூலாகிவிடும். முதலில் ஆய்வேடு என்று ஒரே பதிவு உண்டாக்கி, அதற்கடியில் இயல்களை மட்டும் இணையுங்கள். சான்றிதழும் நன்றியுரையும் நமக்கு எதற்கு?

எங்கள் பக்கத்து ஆய்வுக்கே உரிய சிக்கல் மாவட்டப் பெயர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன் வந்தவற்றில் ஓசூரும் தருமபுரி மாவட்டம். தருமபுரியே சேலத்திலிருந்து பிரிந்தது 1965-இல்தான், அதனால் அதற்கு முந்தைய அறிக்கைகளில் எல்லாம் சேலம் ஜில்லா. தருமபுரி, தர்மபுரி என்ற இரட்டை எழுத்து வேறு. தலைப்பை வைத்துத் தேடினால் பாதிதான் சிக்கும். நூல் விவரத்தை அச்சில் உள்ளபடியே விட்டுவிட்டு, டேகில் மட்டும் இன்றைய மாவட்டம், வட்டம், ஊர் மூன்றையும் ஒரே எழுத்தில் போட்டேன். பல நூல்களுக்கு அடிக்க வேண்டியிருந்தது என்றாலும், இப்போது பாப்பிரெட்டிப்பட்டி வட்டம் என்று தட்டினால் மூன்று காலத்து வெளியீடும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இந்த ஒரு காரியத்துக்காகவே இந்த மென்பொருள் தகும் என்பேன்.

ஓசூர்த் தம்பியும் நானும் சேர்ந்து ஒரு குரூப் நூலகம் வைத்திருக்கிறோம். குரூப்புக்கு வெப்டாவ் செல்லாது, அதை உருவாக்கியவரின் ஜோடெரோ இடத்திலிருந்துதான் கழியும். அதனால் அதில் விவரங்களும் டேகுகளும் மட்டும். பிடிஎஃப் அவரவர் சொந்த நூலகத்தில்.

கடைசியாக வேர்டு. ஆங்கில ஸ்டைலில் தமிழ் ஆய்வேடு எழுதினால் இரண்டு ஆசிரியருக்கு நடுவே 'அண்ட்' வரும், நாலு பேர் என்றால் 'மற்றும் பலர்' என்பதற்கு 'எட் ஆல்'. அதைத் தமிழாக்க நினைத்து அங்கங்கே கையால் திருத்தினால், அடுத்த புதுப்பிப்பில் திருத்தம் போய்விடும். இயல் முடிந்ததும் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் ஜோடெரோ இணைப்பை அறுத்துவிட்டுத் திருத்துங்கள். இணைப்போடு உள்ள மூலத்தை அழிக்காதீர்கள், வைவா முடிந்து திருத்தம் கேட்டால் அதில்தான் திரும்ப வேலை செய்ய வேண்டும்.