ஈரலை மெதுவாக வாங்கும்வரை ரிங் பக்கம் போகாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த நாய்க் கண்காட்சியில் (டாக் ஷோ) என் சிப்பிப்பாறை நாய் அல்லிக்குப் பப்பி (குட்டிகள்) வகுப்பில் முதலிடம். சிப்பிப்பாறைப் பெட்டைகள் 5 வந்திருந்தன. பெஸ்ட் ஆஃப் பிரீட் (அந்த இனத்தின் சிறந்த நாய்) போட்டி வரை போய் அங்கே நின்றுவிட்டோம். அதை வாங்கிய ஆண் நாய் அதற்கு முழுத் தகுதியானது. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்பு இதே அல்லி, இதே நான், 4 பெட்டைகளில் நாலாவது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் வாயே திறக்கவில்லை. இந்த இரண்டு மாதத்தில் அவளுடைய எலும்போ உடல்வாகோ பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது ஒரே ஒரு விஷயம். அதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். மற்றதை வேகமாகத் தாண்டிப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிவு, மைக்ரோசிப், தடுப்பூசி அட்டை, என்ட்ரிக்குக் கடைசித் தேதி எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரிங்கில், அதாவது நடுவர் நாய்களைப் பார்க்கும் கயிறு கட்டிய இடத்தில், என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். சேர்ந்து ஒரு சுற்று, தனியாக நிறுத்தி நடுவர் கைவைத்துப் பார்ப்பது, பல், நேராகப் போய் வருவது அல்லது முக்கோணம், மறுபடி ஒரு சுற்று. ஒரு நாய்க்கு இரண்டு மூன்று நிமிடம்தான். நானும் அந்த மூன்று நிமிடத்துக்காக மட்டுமே பயிற்சி கொடுத்தேன். மொட்டை மாடியில் அல்லி அசையாமல் நிற்பாள். தெருவில் அழகாக ஓடுவாள். போதும் என்று நினைத்துவிட்டேன்.

முதல் ஷோவுக்கு முன்பு கேட்டவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: "காலையில நல்லா ஓட விட்டுக் கூட்டிட்டுப் போங்க, அடங்கிடும்." நாலரை மணிக்கு எழுந்து கண்மாய்க் கரையில் முக்கால் மணி நேரம் ஓட விட்டேன். காரில் ஏறியதும் தூங்கினாள். எனக்கு நிம்மதி. மைதானத்தில் இறங்கிய நொடியில் அந்த நிம்மதி போய்விட்டது. ஜெனரேட்டர் சத்தம், மைக்கில் அறிவிப்பு, வரிசையாகக் கூண்டுகள், ஜெர்மன் ஷெப்பர்டுகளின் குரைப்பு, எங்கேயோ ஒரு குட்டி நாயின் ஊளை. அல்லி இரண்டு காலில் எழுந்து நின்றாள். நான் லீடைக் (நாயைப் பிடிக்கும் கயிற்றை) கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். அப்படியே ரிங்குக்குள் போனேன்.

அப்புறம் நடந்தது எல்லாம் அந்த இரண்டு சுற்றினால் வந்தது. லீடு இறுகினால் தலை மேலே போகும். தலை மேலே போனால் முன்னங்கால் நீளாது. முன்பக்கம் போக வழியில்லாததால் பின்பக்கம் பக்கவாட்டில் விலகும். அல்லி நண்டு மாதிரி குறுக்காக நடந்தாள், நடுநடுவே துள்ளினாள். நடுவர் அகலமான தொப்பி போட்டிருந்தார். அவர் குனிந்ததும் அல்லி பின்வாங்கி என் கால்களுக்கு நடுவில் புகுந்துகொண்டாள். பல்லைப் பார்க்கவே முடியவில்லை. நல்ல மனிதர், கோபப்படவில்லை. ஆனால் நடையையும் பல்லையும் பார்க்க முடியாத நாயை அவர் எப்படி மேலே வைப்பார்?

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, கன்னி இன நாய் ஒன்றைக் கொண்டுவந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். "என்ன தம்பி, சல்லிக்கட்டு மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருந்த?" என்றார். தின்பண்டமாக ஈரல் கொடுத்தும் அல்லி வாங்கவில்லை என்று சொன்னேன். "வாங்கலைன்னா அந்த இடத்துல நிக்கக் கூடாதுப்பா. பின்னால வா. எங்க வாங்குதோ, அங்கதான் உன் ரிங்கு." அவ்வளவுதான் சொன்னார். அன்று அது முழுதாகப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. சிப்பிப்பாறை முயல் விரட்டுவதற்காக வளர்த்த நாய். ஒரு ஓட்டம் ஓடி, கொஞ்சம் மூச்சு வாங்கி, உடனே அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகிற உடம்பு. அதுவும் ஒரு வயதுகூட ஆகாத பெட்டை. முக்கால் மணி நேர ஓட்டத்தால் அவளைக் களைப்படைய வைக்க முடியாது, கிளப்பிவிடத்தான் முடியும். தூரத்தில் அசைவதைப் பார்த்துத் துள்ளுவது அவளுடைய குறும்பு இல்லை, அவளுடைய பிறப்பு. ஆகவே நான் பழக்க வேண்டியது ஓட்டத்தை இல்லை. அசைவும் சத்தமும் நிறைந்த இடத்தில் சும்மா நிற்பதைத்தான்.

இனி அந்த ஒரு விஷயம். ஆட்டு ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, தோசைக்கல்லில் ஈரம் போக வாட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டை நீட்டுங்கள். நாய் மூன்று விதமாக நடந்துகொள்ளும். உதட்டால் மெதுவாக எடுத்தால் அமைதியாக இருக்கிறது. பல் விரலில் அழுந்தும்படி வெடுக்கென்று பிடுங்கினால் உள்ளே கொதிக்க ஆரம்பித்துவிட்டது. முகர்ந்துகூடப் பார்க்காவிட்டால், அல்லது வாயில் வாங்கித் துப்பிவிட்டால், அப்போது நீங்கள் சொல்வது எதுவும் அதன் காதில் விழாது. காது, வால், கண் எல்லாவற்றையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். என்னைப் போலப் புதிதாகக் கையாள்பவருக்கு, சொந்தப் பதற்றத்தில் அதெல்லாம் கண்ணில் படாது. விரலில் பல் படுவது மட்டும் எப்படியும் தெரியும்.

எங்கள் ஊர் ஆட்டுச்சந்தைக்கு வாரா வாரம் கூட்டிப் போனேன். முதல் வாரம் சந்தையிலிருந்து ஒரு நூறு அடி தள்ளி, சாலைக்கு அந்தப் பக்கம். அங்கேயே வெடுக்கென்று பிடுங்கினாள். இன்னும் பின்னால் போனேன். ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்றபோதுதான் உதட்டால் எடுத்தாள். அன்று 20 நிமிடம் அங்கேயே நின்றோம். உட்கார், நில் எதுவும் சொல்லவில்லை. லீடு தளர்ந்து தொங்கியபடி இருந்தது. மெதுவாக வாங்கினால் பத்து அடி முன்னால், பல் பட்டால் பத்து அடி பின்னால். இதை மட்டும்தான் செய்தேன். ஆறாவது வாரம் ஆடுகளுக்கு நடுவில் நின்று கொட்டாவி விட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்குச் சத்தம் போட்டுப் பழக்குவது வராது. கலகலப்பாகக் கைதட்டி நாயை உற்சாகப்படுத்தி ரிங்கில் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் ஜெயிக்கவும் செய்கிறார்கள். மந்தமான நாய்க்கு அது சரியாக இருக்கலாம். துள்ளும் நாய் உங்களிடம் இருந்தால் என் வழியைத்தான் சொல்வேன், அழுத்திச் சொல்வேன்.

மற்றவை, சுருக்கமாக:

- லீடைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள். மடித்து உள்ளங்கையில் வையுங்கள். காதுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கட்டும், ஆனால் தளர்வாக.
- தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி போட்ட அந்நியர்கள் குனிந்து தொடட்டும். வாரத்துக்கு மூன்று பேராவது.
- பல் காட்டுவதைத் தினமும் சாப்பாட்டுக்கு முன் செய்யுங்கள். உதட்டை மட்டும் தூக்கினால் போதும், வாயைப் பிளக்க வேண்டாம்.
- ஓடும் வேகத்தைப் பக்கவாட்டிலிருந்து மொபைலில் படம் எடுத்துப் பாருங்கள். நான் நினைத்ததைவிட அல்லிக்கு மெதுவான வேகம்தான் பொருந்தியது. கொஞ்சம் கூடினால் பாய்ச்சலாகிவிடும்.
- நாய் உங்கள் இடதுபக்கம், நடுவருக்கும் உங்களுக்கும் நடுவில். திரும்பும்போது மறந்துவிடும், அதைத் தனியாகப் பழகுங்கள்.
- முன்னால் போகிற நாயை ஒட்டிப் போகாதீர்கள். நாலைந்து அடி இடைவெளி விட்டுக் கிளம்புங்கள்.
- காலையில் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு, சாப்பிட்டுவிட்டுக் குதித்தால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தண்ணீர் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக.
- ஈரல் அதிகமானால் பேதியாகும். முந்தின நாள் கொடுக்காதீர்கள்.

போன ஞாயிறன்று ஓட்டமே கிடையாது. எங்கள் வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், கார்கள் நிற்கும் இடத்தின் கோடியில் நின்றோம். முதல் துண்டைப் பிடுங்கினாள். இன்னும் தள்ளிப் போனோம். பிறகு பத்துப் பத்து அடியாக ரிங் கயிறு வரைக்கும் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் கயிற்றுக்குப் பக்கத்திலேயே சும்மா நின்றோம். ஸ்டூவர்ட் (ரிங்கில் நடுவருக்கு உதவுபவர்) எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது என் கைதான் நடுங்கியது, லீடு தொங்கிக்கொண்டிருந்தது. நடுவர் அவள் தோளில் கைவைத்தார், முதுகைத் தடவினார், பல்லைப் பார்த்தார். அல்லி அவர் சட்டைப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நேராகப் போனாள், நேராக வந்தாள்.

பெஸ்ட் ஆஃப் பிரீடுக்கு எல்லா வகுப்பிலும் வென்றவர்களை வரிசையாக நிறுத்தினார்கள். வெயில் ஏறிவிட்டது. கிட்டத்தட்ட கால் மணி நேரம் நின்றிருப்போம். பக்கத்து ரிங்கில் கைதட்டல் எழுந்தபோது ஒரு துண்டு நீட்டினேன். ஆள்காட்டி விரலில் பல் அழுந்தியது. அங்கே பின்னால் போக இடமில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு முறை துள்ளினாள். நடுவர் அதைப் பார்த்தார்.

அதனால் இப்போது சந்தையில் நிற்கும் நேரத்தை 20 நிமிடத்திலிருந்து 40 ஆக்கியிருக்கிறேன், அதுவும் வெயில் வந்த பிறகு. நேற்று அரை மணி நேரம் தாண்டியதும் ஒரு சேவல் கூடையிலிருந்து தப்பி எங்கள் முன்னால் பறந்தது. உடனே ஈரலை நீட்டினேன். பல் பட்டது, ஆனால் லேசாக. பெட்டிக்கடை வரைக்கும் பின்னால் போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.