8 வீட்டுக்கு 24 தண்ணீர் மீட்டர்: எங்கள் அபார்ட்மென்டில் பட்ட பாடு

எங்கள் அபார்ட்மென்டில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் வைத்து ஒருவழியாக முடித்துவிட்டோம். இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. புதுச்சேரியில் வேறு யாராவது இதே வேலையை ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால், எங்கள் அலைச்சலில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது முத்தியால்பேட்டைப் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில். போர் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது. குழாய்த் தண்ணீர் சம்ப்பில் விழுவது கோடையில் போதாது, லாரிதான் கதி. லாரிக் காசை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். 2 பேர் இருக்கிற வீடும் 7 பேர் இருக்கிற வீடும் ஒரே தொகை கொடுத்தால் சண்டை வராமல் இருக்குமா? கூட்டம் போட்டோம், மீட்டர் வைக்கலாம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

முதல் அடி பைப்பில் விழுந்தது. வீட்டுக்கு ஒரு மீட்டர், 8 மீட்டர் போதும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். பழைய கட்டடங்களில் மொட்டை மாடி டேங்கிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரே லைன் இறங்குவதில்லை. சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒன்று எனத் தனித்தனியாக இறங்கும். எங்களுக்கு வீட்டுக்கு 3 லைன், ஆக 24 மீட்டர். எந்த பைப் எந்த வீட்டுக்குப் போகிறது என்று காட்டும் வரைபடம் யாரிடமும் இல்லை. மாடியில் ஒருவர் ஒவ்வொரு வால்வாக மூட, கீழே எல்லா வீட்டுக் குழாயையும் திறந்துவைத்து, "இங்க நின்னுடுச்சு, இங்க வருது" என்று போனில் சொல்லிச் சொல்லித்தான் கண்டுபிடித்தோம். உப்புத் தண்ணீரில் இறுகிப்போன வால்வுகள் சில திருப்பியதும் கையோடு வந்துவிட்டன. கண்டுபிடித்த உடனேயே பைப் மேல் பெயின்டால் வீட்டு எண்ணை எழுதிவிடுங்கள். எங்களுக்கு அதற்கப்புறம் அந்த எழுத்துதான் வழிகாட்டி.

அடுத்தது கடை. நான் போன முதல் கடையில் அட்டைப் பெட்டியில் 'பி வகுப்பு' என்று போட்டிருந்தது. பிரித்து மீட்டரின் முகப்பைப் பார்த்தால் 'ஏ' என்று இருக்கிறது. "எல்லாம் ஒண்ணுதான் சார், எல்லாமே சுத்தும்" என்றார் கடைக்காரர். ஒன்றே இல்லை. 15 மி.மீ. மீட்டரில் பி வகுப்பு, மணிக்கு 30 லிட்டர் என்கிற மெல்லிய ஓட்டத்தையும் கணக்கில் பிடிக்கும். ஏ வகுப்புக்கு 60 லிட்டராவது ஓட வேண்டும். சொட்டும் குழாயும் ஒழுகும் ஃபிளஷும் இந்த இடைவெளியில்தான் நழுவிப் போகின்றன. வேறு கடைக்குப் போய், முகப்பில் ஐஎஸ் 779 (தண்ணீர் மீட்டருக்கான இந்தியத் தர எண்) முத்திரையையும் வகுப்பையும் பார்த்து வாங்கினேன். ரசீதில் வகுப்பை எழுதச் சொன்னேன். பெட்டிக்குள் இருந்த சோதனைச் சீட்டுகளையும் எடுத்து வைத்தேன். இந்த இரண்டும் பின்னால் கைகொடுத்தன.

பிளம்பர் தம்பி வேலையில் சுறுசுறுப்பு. நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் முதல் சில மீட்டர்களைப் பொருத்தியிருந்தார். எல்லாம் சுவரோரம் செங்குத்தாக இறங்கும் பைப்பில். எங்கள் மீட்டரின் முகப்பில் 'பி-ஹெச், ஏ-வி' என்று போட்டிருந்தது. கிடைமட்டமாக வைத்தால் பி வகுப்பு, செங்குத்தாக வைத்தால் ஏ வகுப்பு என்று அர்த்தம். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய துல்லியம் வைக்கிற விதத்திலேயே போய்விடும். கழற்றச் சொன்னதும் அவருக்குக் கோபம். "எல்லா இடத்திலும் இப்படித்தான் சார் வைக்கிறோம்" என்றார். முகப்பைக் காட்டி விளக்கினேன், கூலியும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம், மொட்டை மாடித் தளத்தை ஒட்டிப் படுக்கையாக வைத்தார். அதிலும் ஒன்று தலைகீழ். புது மீட்டர் 99999 என்று காட்டினால், உடம்பில் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசைக்கு எதிராக இருக்கிறது, எண் பின்னோக்கி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று: மீட்டரை மாட்டுவதற்கு முன் பைப்பைத் திறந்துவிட்டு ஒரு வாளித் தண்ணீர் ஓட விடுங்கள். அறுத்த பிளாஸ்டிக் தூளும் டெஃப்லான் டேப் துணுக்கும் மீட்டருக்குள் இருக்கும் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும்.

மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று யாரிடம் சோதிப்பது? கேட்கலாம் என்று ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். கடைசியில் ஒருவர், "இணைப்பு யார் பேரில் இருக்கோ அவரை வரச் சொல்லுங்க" என்றார். இணைப்பு இருப்பது கட்டடம் கட்டியவர் பேரில், அவர் ஊரிலேயே இல்லை. அதுவும் நான் கேட்டது எங்கள் சொந்த மீட்டரைப் பற்றி. இன்னொருவர் பாலக்காட்டுக்கு அனுப்புங்கள் என்றார். பாலக்காட்டில் இருக்கும் ஃபுளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டில் மீட்டர்களைச் சோதிப்பது உண்மைதான். ஆனால் லாரித் தண்ணீர்க் காசைப் பிரித்துக்கொள்ள 24 மீட்டரை யார் கேரளாவுக்கு அனுப்புவார்கள்? அரை நாள் விடுப்பு வீண்.

வீட்டிலேயே சோதிக்கலாம், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. வாளியில் போட்டிருக்கும் லிட்டர் கோட்டை மட்டும் நம்பாதீர்கள். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ, எடைதான் பொய் சொல்லாது. பயணப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசில் காலி வாளியை முதலில் நிறுத்துக்கொண்டு, அப்புறம் 15 கிலோ தண்ணீர் பிடித்து, மீட்டரின் சிவப்பு எண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தோம். ஒரு தடவை குழாயை முழுதாகத் திறந்து, ஒரு தடவை அரை லிட்டர் சொம்பு நிறைய ஒரு நிமிடம் ஆகிற அளவுக்கு மெல்லியதாக விட்டு. வழக்கமான ஓட்டத்தில் 2 சதவீதமும் மெல்லிய ஓட்டத்தில் 5 சதவீதமும் முன்பின் இருக்கலாம் என்பது விதி. ஒரு மீட்டர் 15 லிட்டருக்கு 13தான் காட்டியது. பொருத்தின பொருளைத் திருப்ப முடியாது என்று கடையில் முதலில் ஒரேயடியாகச் சொன்னார்கள். ரசீது, அந்த மீட்டர் எண்ணுக்குரிய சோதனைச் சீட்டு, தராசும் மீட்டரும் ஒன்றாகத் தெரியும் வீடியோ, மூன்றையும் காட்டினேன். புது மீட்டர் வந்தது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மேல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், "தம்பி, மீட்டர் வச்சதிலேர்ந்து ஷவர்ல நூல் மாதிரிதான் வருது" என்றார். அவர் சொன்னது நியாயம். தண்ணீர் 10 மீட்டர் உயரம் நின்றால்தான் 1 பார் அழுத்தம். அவர் வீட்டு ஷவருக்கும் டேங்க் அடிப்பகுதிக்கும் நடுவில் 2 மீட்டர் உயரம்கூட இல்லை. இருக்கிற அந்தச் சொற்ப அழுத்தத்திலும் மீட்டர் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. அந்தத் தளத்து பாத்ரூம் லைன்களுக்கு மட்டும் 20 மி.மீ. மீட்டர் மாற்றினோம், ஷவர் சரியானது. ஆனால் 20 மி.மீ. மீட்டருக்கு பி வகுப்பிலும் மணிக்கு 50 லிட்டராவது ஓட வேண்டும், சின்னக் கசிவு அதில் தெரியாது. அதனால் அங்கே ஃபிளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, ஃபிளஷ் பண்ணாமலே கழிப்பறைக் கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறோம்.

இவ்வளவு பாடும் வீணில்லை என்று காட்டியது பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. அந்தக் குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு டார்ச் அடித்து மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மற்ற வீடுகளில் முகப்பின் நடுவில் இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரம் அசையாமல் நிற்கிறது. ஆளில்லாத அந்த வீட்டு பாத்ரூம் லைனில் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 40 லிட்டர் போயிருக்கிறது. ஒரு நாளைக்கு 960 லிட்டர்! கழிவுநீர்க் குழாய் உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் 7 பேருக்கான தண்ணீர் யாருமே இல்லாத வீட்டில் கோப்பை வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. 12,000 லிட்டர் லாரி ஒன்று 12 நாளில் காலி. அதுவரை நாங்கள் சந்தேகப்பட்டது 7 பேர் இருக்கும் கீழ் வீட்டை. அந்த வீட்டு அக்கா எத்தனை கூட்டத்தில் கண் கலங்கியிருக்கிறார்! அவர்கள் மீட்டரைக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு 100 லிட்டர்கூட வரவில்லை. வாட்ஸப்பில் பிரான்ஸுக்குச் சொன்னோம், உறவினர் சாவியோடு வந்தார், ஃபிளஷ் டேங்க் அடியில் இருந்த ரப்பர் வாஷரை மாற்றியதும் சக்கரம் நின்றது. ஆளில்லாத வீடு இருந்தால் அதன் வால்வை மாடியிலேயே மூடி வையுங்கள்.

இப்போது லாரிக் காசில் பாதி எல்லா வீட்டுக்கும் சமம், மீதி மீட்டர்படி. மாதம் முதல் தேதி காலையில் 24 முகப்பையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுகிறேன். கறுப்பு எண் ஆயிரம் லிட்டர் கணக்கு, சிவப்பு எண் அதற்குக் கீழே. இரண்டையும் சேர்த்துப் படித்து பில்லை எக்கச்சக்கமாக்கிவிட வேண்டாம். வெயிலில் முகப்பு மங்கிவிடும், மூடியைத் திறந்து போடாதீர்கள். லாரித் தண்ணீரில் மணல் வந்தால் வடிகட்டி அடைத்துக் குழாயில் வேகம் குறையும். அப்படி 2 மீட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினோம், பழைய வாஷர் திரும்ப உட்காரவில்லை, மாடியெல்லாம் தண்ணீர். வாங்கும்போதே வாஷர் ஒரு டஜன் சேர்த்து வாங்கி வையுங்கள்.