பச்சை எம்.ஜி.யும் பென்சில் அச்சும்

பழைய காரை விற்க நினைப்பவர்கள், பாலிஷ் போடுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்களையும் காரில் உள்ள எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். 1951-ஆம் ஆண்டின் எம்.ஜி. டிடி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இராயபுரத்திலிருந்து பெங்களூருக்கு விற்று முடித்திருக்கிறேன். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

வாங்க ஆள் கிடைப்பது பெரிய பாடாக இல்லை. அழைத்தவர்களில் பலர் இப்போது வரும் எம்.ஜி. ஹெக்டர் என்று நினைத்துக்கொண்டு சன்ரூஃப் உண்டா, ஏர்பேக் எத்தனை என்று கேட்டார்கள். இரண்டே இருக்கை, கூரை என்பது மடக்குகிற கித்தான் என்றதும் வைத்துவிட்டார்கள். அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றும் வேலை, வாரிசுச் சான்றிதழும் படிவம் 31-ம் கொடுத்து ஏற்கெனவே முடிந்திருந்தது.

கடைசியில் வந்தவர் பெங்களூரில் குடியேறிய திருநெல்வேலிக்காரர், விவரமானவர். பானெட்டைத் திறக்கும் முன்பே கதவைத் திறந்து, தூணை விரலால் தட்டினார். “இது ஆஷ் மரம் இல்லையே, சார்?” என்றார். டிடியின் தகர உடம்பு மரச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் போட்ட ஆஷ் மரம் எங்கள் கடற்காற்றில் உளுத்துப்போய்விட்டது. காசிமேட்டில் படகு பழுதுபார்க்கும் தச்சர் ஒருவர், பழைய துண்டுகளை வரிசையாக அடுக்கி அளவெடுத்து, தேக்கில் செய்து கொடுத்தார். கதவைச் சாத்தினால் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொள்ளும். ஆனால் ஆஷ் இல்லை, தேக்கு என்பதற்காகவே விலையைக் குறைத்துக் கேட்டார் வாங்க வந்தவர். நான் கொஞ்சம்தான் இறங்கினேன். தேக்கு என்று முதலிலேயே விளம்பரத்தில் எழுதியிருந்ததால்தான் அந்த அளவோடு தப்பினேன். எதை மாற்றினீர்களோ அதை எழுதிவிடுங்கள், தெரிந்தவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டி என்பதால் படிவம் 28, தடையில்லாச் சான்று. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தர் விண்ணப்பத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “எம்.ஜி. இந்தியாவுக்கு வந்ததே 2019-ல்தான். நீங்கள் 1951 என்று போட்டிருக்கிறீர்கள்?” மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம் அது, ஆக்ஸ்ஃபோர்டில் 1920-களில் தொடங்கிய பெயர், இப்போது அந்தப் பெயர் வேறு கைக்குப் போயிருக்கிறது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, “கம்ப்யூட்டரில் அப்படி இல்லையே” என்றார். பழைய புத்தகத்தை யாரோ கணினியில் ஏற்றியபோது தயாரிப்பாளர் பெயரைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். எஞ்சின் எண்ணில் முன்னெழுத்துகளை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் தட்டியிருக்கிறார்கள். டிடியின் எஞ்சின் எண் எண்கோணப் பித்தளைத் தகட்டில் ‘எக்ஸ்பிஏஜி டிடி’ என்று தொடங்கும். அந்த ஆறு எழுத்துகளுக்காக ஒரு மனு, ஒரு ஆய்வு, ஒரு திருத்தம்.

ஆய்வு நாளில்தான் உண்மையான சிக்கல். அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். அடிச்சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்தவர் துரு ஏறக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் எண்ணின் மேலேயே கனமாக அடித்து மூடிவிட்டிருந்தார். தேய்க்கத் தேய்க்கத் தாள் முழுக்கக் கறுப்புதான் வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் உப்புக் காகிதத்தால் சுரண்டச் சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். கீறல் விழுந்த எண்ணைப் பார்த்தால் எந்த ஆய்வாளரும் எண்ணை அழித்துத் திருத்தியதாகவே நினைப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து, பெயிண்ட் நீக்கும் திரவத்தைத் தடவி, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் துலக்கினேன். முதலில் டி தெரிந்தது, அப்புறம் இன்னொரு டி. ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்டெடுத்தவன் போல வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றே மூன்று தாள்களில் அச்சு எடுத்து வைத்துக்கொண்டேன்.

இடையில் ஒரு புரோக்கர். பழைய மதராஸ் எண்ணை ஒப்படைத்துவிட்டு விண்டேஜ் எண் வாங்கினால்தான் விற்க முடியும், அதற்கு 20,000 ரூபாய் ஆகும் என்றார். பாதிதான் உண்மை. 2021-ல் வந்த விண்டேஜ் விதிகளில் புதிய பதிவுக்கான கட்டணம் 20,000 ரூபாய்தான். ஆனால் இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்த விதிகளின்படி வண்டிக்கு 50 வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. விண்டேஜ் என்று பதிந்துவிட்டால் தினசரி ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு என்றுதான் வெளியே எடுக்கலாம். வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட ஆசைப்பட்டதால் அந்தப் பக்கமே போகவில்லை.

அதே புரோக்கர், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்துக் கேட்டார். கொடுக்காதீர்கள். வண்டி கைமாறிய பிறகும் ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் தலையில்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்திட்டேன், ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டேன். பணம் முழுவதும் வங்கிக் கணக்குக்கு வந்த பின்தான் சாவி.

திருட்டு வண்டியா என்று பார்க்கும் காவல் துறைப் பதிவேட்டுச் சரிபார்ப்பு எந்தத் தொல்லையும் இல்லாமல் முடிந்து, தடையில்லாச் சான்று கைக்கு வந்தது. கார் ஏற்றும் லாரி எங்கள் தெருவுக்குள் நுழையாது. எண்ணூர் விரைவுச் சாலை வரை நானே ஓட்டிப் போனேன். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டிடியில் உட்கார்ந்தால் பக்கத்து லாரியின் சக்கரம்தான் கண் மட்டத்துக்கு வரும். விடியற்காலையில் ஏற்றச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அந்தச் சாலையில் கிளட்ச்சைத்தான் தேய்ப்பீர்கள்.

போன வாரம் புதிய ஆர்.சி.யின் படத்தை வாங்கியவர் அனுப்பினார். பெயர் மாறிவிட்டது, எஞ்சின் எண் முன்னெழுத்துகளோடு சரியாக இருக்கிறது, தயாரிப்பாளர் பெயரும் சரி. இருக்கைகள் 5 என்று போட்டிருக்கிறார்கள். அது இனி அவர் பாடு.